உன் அத்தை காணாமல் போன ஜன்னல்

வானொலி அறை,
கிரேலிங் பே, டாஸ்மேனியா.
செவ்வாய்க்கிழமை பிற்பகல்.

என் தங்கை பெற்ற செல்வமும், மெல்போர்னில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்த்துக் குடும்பத்துக்கே பேர் வாங்கித் தருபவனுமாகிய அன்பு மருமகன் யூவனுக்கு, உன் மாமா லிண்ட்சே ஹோட்ஜெட்ஸ் உட்கார்ந்து நிதானமாக எழுதும் கடிதம்.

நான் சௌக்கியம். முழங்காலும் பரவாயில்லை. உன் அத்தை மோய்ராவும் சௌக்கியம் என்றே நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து அவள் என்னோடு பேசாத காரணத்தால் கேட்டு உறுதிசெய்து எழுத முடியவில்லை. உன் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும். நன்றாக இருக்கிறார்கள் என்றால், கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு இதைக் கடைசி வரை படி. ஏனென்றால் நான் இன்றைக்கு இந்த ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாமல் இருப்பதற்கும், மூன்று வேளையும் டப்பா ஸ்பகெட்டியை டோஸ்ட் மேல் கொட்டித் தின்பதற்கும் காரணம் நீ எழுதிக் கொடுத்த எக்ஸ்டென்ஷன் என்கிற குட்டிச் செயலிதான்.

நீ போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது இந்த வானொலி அறையை எட்டிப் பார்த்தாய். கடலுக்குப் போகிறவர்கள் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, இன்னார், இன்ன இடம், இன்ன நேரத்துக்குத் திரும்புவேன் என்பார்கள், நாங்கள் எழுதிக்கொள்வோம். திரும்பியதும் சொல்வார்கள், பேருக்கு நேரே டிக் போடுவோம். சொன்ன நேரம் தாண்டியும் வராதவரைத் தேடி மீட்புப் படகு போகும். இதையெல்லாம் நாங்கள் கரும்பலகையில் சாக்பீஸால் செய்துகொண்டு நிம்மதியாக இருந்தோம். நீதான் "என்ன மாமா, இன்னுமா சாக்பீஸ்?" என்று சிரித்தாய். மறுநாளே ஒரு குட்டிச் செயலியை எழுதி இங்கேயிருக்கும் கம்ப்யூட்டரின் பிரவுசரில் ஒட்டவைத்தாய். காற்று நிலவரம், அலை நிலவரம், ரேடார் படம், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஓரத்தில் கடலில் இருப்பவர்களின் பட்டியல் கூடவே நிற்கும் என்றாய். நின்றது. நான் மறுக்கவில்லை. எல்லோரிடமும் "என் மருமகன் செய்தது" என்று சொல்லிப் பெருமைப்பட்டேன். கரும்பலகையைச் சர்ச் மண்டபத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டோம். அதில் இப்போது பிங்கோ எண்கள் எழுதுகிறார்கள்.

நான் ஜன்னலை மூடுகிறவன் அல்ல, யூவன். விண்டோ என்று நீங்கள் சொல்வதை நான் ஜன்னல் என்றே எழுதுகிறேன், அப்போதுதான் எனக்குப் புரிகிறது. காற்று பார்க்க ஒரு ஜன்னல் திறப்பேன். அலை பார்க்க இன்னொன்று. முதல் ஜன்னல் எங்கே போயிற்றென்று தெரியாததால் காற்றுக்கு மறுபடி ஒன்று. மூடினால் உள்ளே இருப்பது போய்விடுமோ என்று பயம், அதனால் மூடுவதில்லை. ஆட்ரி பாஸ்கோவும் அப்படியே. ஆட்ரியை உனக்கு நினைவிருக்கும். ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்து ரிடயர் ஆனவள், உன் கழுத்தில் கட்டியைப் பார்த்து "இது கட்டி இல்ல, கொசுக்கடி" என்றாளே, அவள்தான். காலை டூட்டி அவளுக்கு, மதியம் எனக்கு. அவள் விட்டுப்போன ஜன்னல்களின் மேல் நான் என் ஜன்னல்களைத் திறப்பேன். இப்படியே சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். காலையில் நோயல் டப் மீன் பிடிக்கப் போனான். ஆட்ரி அவள் ஜன்னலில் குறித்துக்கொண்டாள், மதியம் மூன்று மணிக்குத் திரும்புவான் என்று. நோயல் என் பழைய பகைவன் என்பது ஊரறிந்த விஷயம். நான் டிரைவிங் லைசென்ஸ் பரீட்சை நடத்தும் இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில் அவனை மூன்று தடவை ஃபெயில் பண்ணினேன். மூன்றாவது தடவை அவன் போஸ்ட் ஆபீஸ் சுவரையே இடித்ததால் எனக்கு வேறு வழியிருக்கவில்லை. அன்றிலிருந்து அவன் மனைவி கிளெனிஸ்தான் வண்டி ஓட்டுகிறாள், அவன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறான், வழியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

நான் டூட்டிக்கு வந்த கொஞ்ச நேரத்திலேயே வயர்லெஸ்ஸில் நோயல் குரல். "யோவ் இன்ஸ்பெக்டர், நான் சீக்கிரமே வந்துட்டேன். குறிச்சுக்கோ. மறுபடி ஃபெயில் பண்ணிடாதே." குறித்தேன். என் ஜன்னலில் நோயல் பேருக்கு நேரே டிக் போட்டேன். இதை நீதிமன்றத்தில் வந்து சொல்லச் சொன்னாலும் சொல்வேன். அடுத்து உன் அத்தை கூப்பிட்டாள். அலுமினியப் படகில் எதிரே உள்ள தீவுக்குப் பின்னால் ஃபிளாட்ஹெட் மீன் பிடிக்கப் போவதாகவும், மூன்று மணிக்குள் வந்துவிடுவதாகவும் சொன்னாள். அதையும் அதே ஜன்னலில் குறித்தேன். "ஜாக்கிரதையா போய்ட்டு வா" என்றும் சொன்னேன். வயர்லெஸ் பெட்டியின் பேட்டரியைச் சார்ஜ் பண்ணி வைப்பது வீட்டில் என் பொறுப்பு. அதைச் செய்தேனா இல்லையா என்பது வேறு விஷயம், இந்தக் கடிதத்துக்குச் சம்பந்தமில்லாதது.

இப்போதுதான் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். ஆட்ரி மத்தியானம் சிப்பிக்கறி அடைத்துச் சுட்ட ஸ்காலப் பை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். வரும் வழியில் நண்டுக்காரர் மெர்வ் கரையேறுவதைப் பார்த்திருக்கிறாள். "மெர்வ் வந்தாச்சு, நானே டிக் போட்டுடறேன்" என்று சொல்லி, சீட்டுக்கட்டுக்கு அடியிலிருந்து தன் காலை ஜன்னலை உருவி, அதில் டிக் போட்டாள். அவ்வளவுதான் செய்தாள் பாவம். ஆனால் அந்தக் காலை ஜன்னல் காலையில் பார்த்த உலகத்தையே நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் கணக்கில் நோயல் இன்னும் கடலில் இருக்கிறான். உன் அத்தை என்றொரு ஜீவன் கிளம்பவே இல்லை. மெர்வுக்கு ஒரு டிக் போட்டதும் அது மெர்வ் விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், தன்னிடமிருந்த பழைய பட்டியல் முழுவதையும் எடுத்துப் புதுப் பட்டியலின் மேல் பூசிவிட்டது. நோயலை மறுபடி கடலில் தள்ளிவிட்டது. உன் அத்தையைத் துடைத்துவிட்டது. எங்களுக்கு ஒரு சத்தமில்லை, ஒரு எச்சரிக்கையில்லை. நாங்கள் பை தின்றுகொண்டிருந்தோம். பை நன்றாகத்தான் இருந்தது.

மூன்று மணி தாண்டியது. காற்று திரும்பித் தென்மேற்கிலிருந்து அடித்தது, அதைப் பார்க்க நான் புதிதாக ஒரு ஜன்னல் திறந்தேன். ஓரத்தில் பட்டியல். நோயல் டப் பேர் சிவப்பாக எரிந்தது: நேரம் தாண்டியும் திரும்பவில்லை.

"நோயல் வந்துட்டான்னு நான் டிக் போட்டேனே" என்றேன்.

"போட்டீங்களா, போட நினைச்சீங்களா?" என்றாள் ஆட்ரி.

இதுதான் எங்கள் வயதில் உள்ள கஷ்டம். இப்படி ஒரு கேள்வி கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது. யோசித்தேன். போன வாரம் கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடியது ஞாபகம் வந்தது. போட நினைத்திருப்பேனோ என்று தோன்றியது. உன் அத்தை பேர் பட்டியலில் இல்லை. நான் பாத்ரூம் போயிருந்த நேரத்தில் அவள் கூப்பிட்டிருப்பாள், ஆட்ரி டிக் போட்டுப் பேரையும் எடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. மிஷின் சொல்வதை மனுஷன் எத்தனை தடவைதான் கேள்வி கேட்பான்?

நோயலை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டோம், பதில் இல்லை. போனில் கூப்பிட்டோம், அணைத்து வைத்திருந்தான். படகு கட்டுமிடத்துக்கு ஆளனுப்பிப் பார்த்தோம், காலியாகக் கிடந்தது. கிளெனிஸைக் கூப்பிட்டேன். "வீட்டுக்கு வரலையே. சாயங்காலம் வரைக்கும் கடல்லதான் இருப்பேன்னு சொல்லிட்டுப் போனாரு" என்றாள். நான் கசாப்புக் கடை டாரிலைக் கூப்பிட்டேன்; மீட்புப் படகின் தலைவன் அவன்தான். ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு ஆட்களோடு கிளம்பிப் போனான்.

ஊர் முழுக்கப் படகுத்துறைக்கு வந்துவிட்டது. யாரோ கிளெனிஸ் தோளில் கம்பளியைப் போர்த்தினார்கள். யாரோ பிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தார்கள். நான் வயர்லெஸ்ஸை வெளியே இருக்கும் ஒலிபெருக்கியில் போட்டேன், எல்லோருக்கும் கேட்கட்டும் என்று. என்ன இருந்தாலும் நோயலை நான் மூன்று தடவை ஃபெயில் பண்ணியிருக்க வேண்டாம், இரண்டாவது தடவை அவன் ஓரளவு நன்றாகத்தான் ஓட்டினான் என்றெல்லாம் எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. கிளெனிஸ் பக்கத்தில் போய், "நல்ல மனுஷன்" என்றேன். அவள் என்னை முறைத்துப் பார்த்து, "இன்னும் சாகல இன்ஸ்பெக்டர்" என்றாள்.

அந்த நேரத்தில் மேட்டுப்பாதையில் ஒரு மஞ்சள் கார் இறங்கி வந்தது. தவளை மாதிரி ஒரு குதி, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு குதி. முன்னாலும் பின்னாலும் எல் போர்டு. படகுத்துறை வாசலுக்கு வந்ததும் ஒரு உலுக்கு உலுக்கி எஞ்சின் ஆஃப் ஆகிவிட்டது. மறுபடி கிளப்பினார்கள். மறுபடி ஆஃப் ஆயிற்று. பழக்க தோஷம், "கிளட்ச்சை மெதுவா விடுய்யா!" என்று நானே கத்திவிட்டேன். கதவு திறந்தது. நோயல் இறங்கினான். பக்கத்து ஊர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரம்மா மறு பக்கமாக இறங்கி, காரில் சாய்ந்துகொண்டு மூச்சு வாங்கினார்.

"என்ன கூட்டம்? யாரைக் காணோம்?" என்றான் நோயல்.

ஆட்ரிதான், "உங்களை" என்றாள்.

கிளெனிஸ் கம்பளியோடு முன்னால் வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "ஏங்க, உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?" என்றாள்.

"இன்னும் தெரியாது" என்றான் அவன்.

விஷயம் இதுதான். சாகிறதுக்குள்ளே ஒரு தடவையாவது கிளெனிஸைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசையாம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கடலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அரை நாளில் திரும்பி, பக்கத்து ஊருக்குக் கிளாசுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறான். அன்றைக்குப் படகின் அடிப்பாகத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பதற்காக அடுத்த வளைவில் இருக்கும் கொட்டகையில் ஏற்றிவைத்திருந்தான், அதனால்தான் கட்டுமிடம் காலி. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "யோவ், உன்கிட்டதானேய்யா வந்துட்டேன்னு சொன்னேன்? 'சரி, குறிச்சுக்கிட்டேன்'னு சொன்னியா இல்லியா?"

அப்படியென்றால் நான் டிக் போட்டிருக்கிறேன். போட நினைக்கவில்லை, போட்டே இருக்கிறேன். உள்ளே ஓடினேன். ஒவ்வொரு ஜன்னலாக ஓரம் தள்ளினேன். காற்று, அலை, ரேடார், மறுபடி காற்று, ஆட்ரியின் கேக் செய்முறை, மறுபடி அலை. எல்லாவற்றுக்கும் அடியில் என் மத்தியான ஜன்னல் கிடந்தது. அதில் நோயல் பேருக்கு நேரே என் டிக் இருந்தது. அதன் கீழே இன்னொரு பேர் இருந்தது. மோய்ரா ஹோட்ஜெட்ஸ். தீவுக்குப் பின்னால். கடலில்.

"ஆட்ரி, மோய்ரா கூப்பிட்டாளா? நீதானே டிக் போட்டே?" என்றேன்.

"எனக்கு மோய்ரா போனதே தெரியாதே" என்றாள்.

யூவன், நான் எத்தனையோ பேரோடு காரில் உட்கார்ந்து எதிரே வந்த மரத்தைப் பார்த்தவன். அப்போதெல்லாம் நான் இப்படிப் பதறியதில்லை. வெளியே பார்த்தேன், தீவுப் பக்கம் அலை வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. மைக்கைத் தேடுகிறேன், கையில்தான் இருக்கிறது. அழுத்துவதற்குள் வயர்லெஸ்ஸே பேசியது.

"ரேடியோ ரூம், டாரில் பேசறேன். தீவுக்குப் பின்னால ஒரு படகு கிடைச்சிருக்கு சார். ஆனா இது நோயல் படகு இல்ல."

"அலுமினியப் படகா?"

"ஆமா. எஞ்சின் நின்னுபோச்சு, வயர்லெஸ்ல சார்ஜ் இல்ல. உள்ளே ஒரு அம்மா இருக்காங்க. நல்லா இருக்காங்க, மீன் பிடிச்சுக்கிட்டுதான் இருக்காங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உங்க சம்சாரம் சார். உங்ககிட்ட பேசணுமாம்."

நான் ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டேன் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

"லிண்ட்சே" என்றது உன் அத்தையின் குரல், கிரேலிங் பே முழுவதற்கும். "டாரில் என்னைப் பாத்ததும் முதல்ல என்ன கேட்டார் தெரியுமா? நோயலைப் பாத்தீங்களான்னு கேட்டார். என்னைத் தேடி வரலியான்னேன். உங்க பேரே லிஸ்ட்ல இல்லையேம்மான்னார். டூட்டியில யாருன்னு கேட்டேன். அவர் கடலைப் பாத்துக்கிட்டு நின்னாரு."

"மோய்ரா, ஜன்னல்ல நீ..."

"நோயல் கிடைச்சாரா?"

"கிடைச்சுட்டான்."

"சந்தோஷம்" என்றாள். அதோடு பேச்சை முடித்துக்கொண்டாள்.

கரைக்கு வந்தபோது வாளி நிறைய ஃபிளாட்ஹெட். உன் அத்தை வாழ்நாளில் அப்படிப் பிடித்ததில்லை. டாரிலுக்குக் கொடுத்தாள், அவன் ஆட்களுக்குக் கொடுத்தாள், ஆட்ரிக்குக் கொடுத்தாள், கிளெனிஸுக்குப் பெரிதாகப் பார்த்துக் கொடுத்தாள், டிரைவிங் வாத்தியாரம்மாவுக்குக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். நான் கை நீட்டினேன். என்னைத் தாண்டிக் கடற்பறவைக்கு ஒன்று போட்டாள். வீட்டுக்கு வந்ததும் மீதியை ஃப்ரீசரில் அடுக்கிவிட்டு, என் தலையணையைப் பின்கட்டு அறைக்கு மாற்றிவிட்டாள். அன்றிலிருந்து ஸ்பகெட்டி.

அவள் பேசவில்லை என்பதைவிட, அவள் மனதில் ஓடுவது எனக்குத் தெரிகிறது, அதுதான் தாங்கவில்லை. தீவுக்குப் பின்னால் தனியாக ஆடிக்கொண்டிருந்தபோது, நம்ம ஆள்தான் டூட்டியில் இருக்கிறார், நேரம் தாண்டினதும் ஆளனுப்புவார் என்று அவள் நம்பித்தான் உட்கார்ந்திருப்பாள். அதனால்தான் பதறாமல் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தாள். ஆள் வந்தது, ஆனால் வேறு யாரையோ தேடி வந்தது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அந்தப் பறவைக்குத்தான் போட்டிருப்பேன்.

ஆகவே உன் மாமா உன்னிடம் கேட்பது இரண்டு. ஒன்று, அந்தச் செயலியைத் திருத்து. காரில் நடுக்கண்ணாடியில் லாரி வருகிறது, பக்கக் கண்ணாடியில் ரோடு காலியாக இருக்கிறது என்றால் அந்த வண்டியை நான் ரோட்டிலேயே விடமாட்டேன். ஜன்னல் எத்தனை திறந்திருந்தாலும் பட்டியல் ஒன்றுதான் இருக்க வேண்டும். எந்த ஜன்னலும் தனக்கென்று ஒரு நகலை வைத்துக்கொண்டு அதையே வேதமென்று நம்பக்கூடாது. ஒன்றில் டிக் போட்டால் அந்த டிக் மட்டும் போய்ச் சேர வேண்டும், கூடவே பழைய மூட்டை முழுவதையும் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. போய்ச் சேர்ந்ததை மற்ற ஜன்னல்களுக்கெல்லாம் உடனே சொல்லிவிட வேண்டும். நம் ஊர் பேக்கரியில் ஒருத்தர் காதில் விழுந்தது எவ்வளவு நேரத்தில் ஊருக்கெல்லாம் தெரிகிறது? அவ்வளவு வேகம் போதும். இதற்கு எவ்வளவு நாள் ஆகுமோ, அதுவரைக்கும் கரும்பலகையைத் திருப்பிக் கேட்கலாமென்று இருக்கிறேன். பிங்கோக்காரர்கள் தருவார்களா தெரியவில்லை.

இரண்டாவது, உன் அத்தைக்கு ஒரு கடிதம் எழுது. மாமா மேல் ஒரு தவறும் இல்லை, அவர் உங்கள் பேரைச் சரியாகத்தான் எழுதியிருந்தார், துடைத்தது முழுக்க முழுக்க நான் செய்த செயலி என்று தெளிவாக எழுது. உன் கம்பெனி முத்திரை ஏதாவது இருந்தால் கீழே குத்திவிடு. நீ சொன்னால் கேட்பாள். பேட்டரி பற்றி எதுவும் எழுத வேண்டாம்.

உன் கொல்லை எலுமிச்சை காய்த்துக் குலுங்கட்டும். உன் மேலதிகாரி நீண்ட லீவில் போகட்டும். நீ எழுதுகிற செயலிகளெல்லாம் முதல் தடவையே ஒழுங்காக ஓடி, யாருடைய மாமாவையும் பின்கட்டு அறைக்கு அனுப்பாமல் இருக்கட்டும் என்று மனமார வாழ்த்தும்,

உன் மாமா,
லிண்ட்சே ஹோட்ஜெட்ஸ்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் உன் எலுமிச்சை மரத்தைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிடு. கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஆட்ரி வந்தாள். திரை மூலையைக் காட்டி, "இந்தச் சிவப்புப் புள்ளி என்ன?" என்றாள். அது எப்போதும் இருப்பதுதான், அலங்காரம் என்றேன். அவள் அழுத்திப் பார்த்தாள். உன் செயலியின் புது வடிவம் ஈஸ்டருக்கு முன்னாலேயே வந்து காத்துக்கொண்டிருக்கிறதாம். 'மாமா, ஜன்னல்களுக்குள் பட்டியல் மாறிப்போகும் கோளாறைச் சரிசெய்துவிட்டேன், எல்லா ஜன்னலையும் ஒரு தடவை மூடித் திறந்தால் போதும்' என்று நீயே எழுதி வைத்திருக்கிறாய். நான் எதையும் மூடாததால் அது உள்ளே வர வழியில்லாமல் இத்தனை மாதம் வாசலில் நின்றிருக்கிறது. இதை ஆட்ரி சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் இருவருக்கும் கறி அடைத்த பேஸ்டி கொண்டுவந்திருந்த உன் அத்தை என் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஆகையால் அவளுக்கு நீ கடிதம் எழுத வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் மூடித் திறந்தோம். சோதித்துப் பார்க்கலாமென்று ஆட்ரி ஒரு ஜன்னலில் 'லிண்ட்சே ஹோட்ஜெட்ஸ், கடலில், மாலை ஐந்து வரை' என்று எழுதினாள். கையை எடுப்பதற்குள் அத்தனை ஜன்னலிலும் அதே வரி. அருமையான வேலை, யூவன், அப்பழுக்கில்லை. உன் அத்தை குனிந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துவிட்டு, என் பேஸ்டியை எடுத்து ஆட்ரியிடம் கொடுத்தாள். நான் இங்கேதானே இருக்கிறேன் என்றேன். "எல்லா ஜன்னலும் ஒரே மாதிரி சொல்லுது, நீங்க கடல்ல இருக்கீங்க. அஞ்சு மணிக்கு வாங்க, வந்ததும் மீன் வறுத்துத் தரேன்" என்றாள். இரண்டு நாளைக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. அதனால் எதிர்த்துப் பேசாமல், இதைப் படகுத்துறைப் படியில் உட்கார்ந்து எழுதி முடிக்கிறேன். தூறல் போடுகிறது.